வண்டி எங்கே வருகிறது என்று அவர்கள் கேட்கவில்லை

எல்லையோர ஊர்களுக்கான தொழில்நுட்ப யோசனை முகாமை நடத்திய ஏற்பாட்டுக் குழுவினருக்கும், அதற்கு நிதி ஒதுக்கிய அதிகாரிகளுக்கும்,

முகாமில் முதல் பரிசு பெற்ற ஜீப் கண்காணிப்புச் செயலியை மலைக்கு வேலைக்குப் போகும் பெண்கள் எல்லோரும் போனில் ஏற்றிக்கொள்ள வேண்டும், ஜீப் வைத்திருப்பவர்கள் ஜிபிஎஸ் கருவி வாங்கிப் பொருத்த வேண்டும் என்று மகளிர் குழுக்கள் வழியாகச் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். யோசனை கேட்கும் கட்டம் முடிந்துவிட்டது, இனி அமலாக்கம் மட்டும்தான் என்றும் அதே செய்தியில் இருக்கிறது. இந்த முடிவை நான் ஏற்கவில்லை. எங்கள் பக்கத்துப் பெண்கள் நிறையப் பேர் ஏற்கவில்லை. ஏன் என்று கேட்க நீங்கள் வராததால் எழுதுகிறேன்.

நான் கம்பத்திலிருந்து குமுளி போகும் சாலையோரத்தில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். ரீசார்ஜ், ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் உண்டு. எல்லை தாண்டிக் கேரள மலையிலுள்ள ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிற பெண்களின் போன்கள் என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கும். அவர்கள் கையில் என்ன போன் இருக்கிறது, அதில் எது ஓடும், எது ஓடாது என்பதைப் பக்கத்திலிருந்து பார்க்கிறவன் என்ற முறையில்தான் பேசுகிறேன்.

அவர்கள் மலைக்குக் கொண்டுபோவது பட்டன் போன். வீட்டில் டச் போன் இருக்கும். அது வீட்டிலேயேதான் இருக்கும். பிள்ளையின் பள்ளிக்கூட வாட்ஸப் குரூப் அதில் இருக்கிறது, கேஸ் புக் பண்ணுவது அதில்தான், மாலையில் வீட்டுக்காரர் கைக்குப் போய்விடும். அம்மாவின் பங்குக்கு வருவது பட்டன் போன் மட்டும்தான். அதைப் பாலித்தீன் கவரில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, தூக்குவாளி வைக்கிற பைக்குள் போட்டுக் கொண்டுபோவார்கள். ஏலக்காட்டில் மழை விட்டாலும் செடி நனைந்தே கிடக்கும், குனிந்து நிமிர்ந்தால் பையும் நனையும். பழுதுக்கு வரும்போது கழற்றிப் பார்த்தால் சார்ஜ் பின்னில் பச்சை ஏறியிருக்கும், ஸ்பீக்கர் வலையில் மண் அடைத்திருக்கும், பச்சைப் பட்டனின் ரப்பர் தேய்ந்து உள்ளே போயிருக்கும். பிரஷ் போட்டுச் சுத்தம் செய்து, புதுப் பின் வைத்துக் கொடுத்தால் இன்னொரு காய் எடுப்பு சீசன் வரைக்கும் தாங்கும். இந்தப் போனில் உங்கள் செயலி ஏறாது. ஏறுகிற போனோ அந்த நேரத்தில் அவர்கள் கையில் இருக்காது.

போன் இருந்தாலும் சிக்னல் வேண்டும். குமுளி மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு சிக்னல் வந்து வந்து போகும்; தமிழ்நாட்டு டவரை விட்டுக் கேரள டவரைப் பிடிக்கிற இடத்தில் பேச்சு பாதியில் அறுந்துவிடும். தோட்டத்துக்குள் போய்விட்டால் பேசுவதற்கே மேட்டுப் பக்கம் ஏறி நிற்க வேண்டிய இடங்கள் உண்டு. இதெல்லாம் முகாமில் ஒரு கேள்வியாகக்கூட வரவில்லை.

வராததற்குக் காரணம் சாதாரணமானது. சம்பந்தப்பட்டவர்கள் அங்கே இல்லை. முகாம் நடந்தது வேலை நாளில், காலை பத்து மணிக்கு, பேருந்து மாறிப் போக வேண்டிய ஒரு கல்லூரி அரங்கத்தில். இந்தப் பெண்கள் இருட்டோடு எழுந்து சோறாக்கி, விடியும் முன் ஜீப் ஏறுகிறவர்கள். ஒரு நாள் போகாவிட்டால் ஒரு நாள் சம்பளம் போச்சு. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் ஊர்ச் சாவடியில் வைத்திருந்தால் சாவடி நிறைந்திருக்கும்.

அரங்கத்தில் குத்துவிளக்கும் வரவேற்பும் வாழ்த்துரையும் முடியவே முற்பகல் போய்விட்டது. பிறகு சேர்ந்து யோசிக்கும் அமர்வு என்று அறிவித்தார்கள். வழிநடத்தியவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, யாருக்காவது ஐடியா இருக்கிறதா என்று கேட்டார். மைக் பழகிய மூன்று நான்கு பேர் மாறி மாறிப் பேசினார்கள். பின்வரிசையில் இருந்த ஜீப் டிரைவர் ஒருவர் எழுந்து, ராத்திரியே குரலில் தகவல் சொல்ல ஒரு போன் நம்பர் இருந்தால் போதும் என்றார். அதெல்லாம் பழைய டெக்னாலஜி என்று சொல்லி உட்கார வைத்துவிட்டார்கள். அவர் அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனவர் திரும்பி வரவும் இல்லை.

வர முடியாத பெண்கள் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். என் கடையில் சேர்ந்த சீட்டுகளை ஒரு கவரில் போட்டு, பதிவு மேசையில் நானே கொடுத்தேன். மாலையில் கேட்டபோது, நேரம் இல்லாததால் பிரிக்கவில்லை என்றார்கள். இன்று வரை அந்தக் கவர் என்னவாயிற்று என்று தெரியவில்லை.

பரிசு வாங்கிய மாணவர்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ராத்திரி முழுக்க உட்கார்ந்து கோடிங் எழுதியிருக்கிறார்கள். நல்ல திறமைசாலிப் பிள்ளைகள். அவர்கள் கையில் கொடுக்கப்பட்ட தாளில் ‘தோட்டத் தொழிலாளர் வாகனத்தின் இருப்பிடம் அறிதல்’ என்று அச்சடித்திருந்தது. கேட்ட கேள்விக்கு அவர்கள் சரியாகத்தான் பதில் சொன்னார்கள். அந்தக் கேள்வியை எழுதியது யார், யாரைக் கேட்டு எழுதினார்கள் என்பதுதான் நான் உங்களிடம் கேட்பது.

சேர்ந்து யோசிப்பதற்கு முறை இருக்கிறது. அது புதிதும் அல்ல. அமெரிக்காவில் விளம்பரத் துறையில் இருந்த அலெக்ஸ் ஆஸ்போர்ன் என்பவர்தான் 1950-களில் பிரெயின்ஸ்டார்மிங்கை எல்லோரும் அறியச் செய்தவர். அவர் சொன்ன விதிகள் நான்கு: யோசனை வந்துகொண்டிருக்கும்போது யாரும் குறை சொல்லக் கூடாது, எத்தனை முடியுமோ அத்தனை வரட்டும், கிறுக்குத்தனமாகத் தோன்றுவதையும் தடுக்கக் கூடாது, ஒருவர் சொன்னதோடு இன்னொருவர் சேர்த்துச் சொல்லலாம். அந்த டிரைவரை உட்கார வைத்த நிமிடத்திலேயே முதல் விதி போய்விட்டது.

ஆஸ்போர்னின் முறையிலும் ஓட்டை உண்டு என்று பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள். 1958-ல் யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தபோது, கூடி உட்கார்ந்து பேசிய நால்வரைவிட, தனித்தனியாக யோசித்த நால்வரின் யோசனைகளைச் சேர்த்தால் அதிகமாக இருந்தது. 1987-ல் டீல், ஸ்ட்ரோபெ என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதன் முக்கியக் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். காத்திருக்கிற நேரத்தில் நினைத்தது மறந்துபோகும், இல்லை சொல்லாமலேயே விட்டுவிடுவார்கள். இதற்கு மாற்றாகத்தான் எழுதி யோசிக்கும் முறை வந்தது. ஜெர்மனியில் பெர்ன்ட் ரோர்பாக் 1960-களின் கடைசியில் சொன்ன முறையில் ஆறு பேர் உட்காருவார்கள், ஆளுக்கு மூன்று யோசனையை ஐந்து நிமிடத்தில் தாளில் எழுதி அடுத்தவரிடம் தள்ளுவார்கள், வாங்கியவர் அதைப் படித்துவிட்டுத் தன் மூன்றை எழுதுவார். அரை மணி நேரத்தில் 108 யோசனை வரை சேரும். யாரும் மைக் பிடிக்க வேண்டியதில்லை.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது புரியாத சங்கதி இல்லை. ஏலக்காய் ஏலம் முன்பு வாய்விட்டுக் கூவித்தான் நடந்தது. இப்போது ஸ்பைசஸ் போர்டின் ஏல மையங்களில், போடியிலும் எல்லைக்கு அந்தப் பக்கம் புத்தடியிலும், வியாபாரிகள் அவரவர் கணினி முன்னால் உட்கார்ந்து சத்தமில்லாமல் விலையைத் தட்டுகிறார்கள். உரத்த குரல்காரருக்கு என்று தனிச் சலுகை கிடையாது. காய்க்கு விலை கேட்க இவ்வளவு யோசித்து முறை வகுத்திருக்கிறோமே, அந்தக் காயை எடுக்கிற பெண்ணின் யோசனையைக் கேட்கவும் ஒரு முறை வேண்டாமா?

ஜப்பானிய மானுடவியலாளர் ஜிரோ கவாகிட்டாவை உங்கள் முகாம் கையேட்டிலேயே குறிப்பிட்டிருந்தீர்கள். சீட்டுகளில் எழுதி, ஒத்தவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும் கேஜே முறை அவருடையது. கையேட்டில் சொல்லாத ஒன்றையும் நான் சேர்க்கிறேன். அவர் நேபாள மலைக் கிராமங்களில் ஆய்வு செய்தவர். அந்த மக்களோடு பேசி, அவர்களுக்கு எது பெரும்பாடு என்று தெரிந்துகொண்ட பிறகு, தண்ணீர்க் குழாயும், விறகும் தீவனமும் இறக்கக் கம்பிவட வழியும் அமைய உதவினார். 1984-ல் அவருக்கு ரமோன் மகசேசே விருது கிடைத்தது. எந்தத் தொழில்நுட்பம் என்பதை அவர் முதலில் முடிவு செய்யவில்லை. அந்த வரிசையைத்தான் நீங்கள் தலைகீழாக்கிவிட்டீர்கள்.

முகாமுக்குப் பிறகு நாங்கள் சாவடியில் கூடினோம். மலைக்குப் போகும் பெண்கள், ஜீப் டிரைவர்கள், தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி ஒருவர், கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் சிலர். ஆளுக்கு அட்டைகள் கொடுத்தோம். எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் எழுதினார்கள். பேர் போட வேண்டாம் என்றோம். கங்காணி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது பேர் போட்டு யாரும் எழுத மாட்டார்கள். ‘அது நடக்காது’ என்ற வார்த்தையை அட்டைகள் முடியும் வரை யாரும் சொல்லக் கூடாது என்று முதலிலேயே பேசிக்கொண்டோம். முதல் கேள்வியாக வைத்தது, என்ன கண்டுபிடிக்கலாம் என்பதை அல்ல. மலைக்குப் போய் வருவதில் உங்களுக்கு எது ரொம்பக் கஷ்டம் என்று மட்டும் கேட்டோம்.

அட்டைகளைத் தரையில் பரப்பியபோது அங்கிருந்த யாரும் பேசவில்லை. ‘வண்டியில் ஆள் ஜாஸ்தி. கேட்டால் நாளைக்கு நீ வராதே என்கிறார்கள்’ என்று ஒரு அட்டை. ‘திரும்பி வர லேட்டானால் வீட்டில் சண்டை’ என்று ஒன்று. ‘தோட்டத்தில் கக்கூஸ் இல்லை’ என்று பல அட்டைகள், வேறு வேறு கையெழுத்தில். இது எந்தச் செயலியிலும் அடங்காத விஷயம். ஆனால் முதலில் வந்தது இதுதான் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். எல்லாவற்றையும்விடப் பெரிய குவியல் ஒன்று சேர்ந்தது: ‘வண்டி வராது என்று தெரியாமல் நிற்கிறோம்.’

உங்கள் செயலி பற்றி அங்கே சொன்னேன். ஒரு அக்கா கேட்டார்: “வண்டி எங்க வருதுன்னு எனக்கு எதுக்கு தம்பி? அது வருமா வராதான்னு ராத்திரியே சொல்லச் சொல்லுங்க.”

அந்தக் குவியலை எடுத்துக்கொண்டு, ஏன் ஏன் என்று கேட்டுக்கொண்டே போனோம். டொயோட்டா தொழிற்சாலையில் பழுதின் வேரைக் கண்டுபிடிக்க ஐந்து முறை ஏன் கேட்பார்கள் என்பார்களே, அது போல. ஏன் இருட்டில் நிற்கிறீர்கள்? வண்டி வரும் என்று நினைத்து. ஏன் வரவில்லை? தோட்டத்தில் நாளைக்கு ஆள் குறைவாகப் போதும் என்றுவிட்டார்கள். அது எப்போது தெரியும்? முந்தின நாள் ராத்திரி கங்காணிக்குத் தெரியும், அவர் டிரைவருக்குச் சொல்வார். டிரைவர் ஏன் உங்களுக்குச் சொல்லவில்லை? இதற்கு டிரைவரே பதில் சொன்னார்: நாலு பேருக்குப் போன் போடுவேன், மீதிப் பேருக்குப் போடுவதற்குள் தூங்கிவிடுவேன், காலையில் நான் எழுந்து வண்டி எடுக்க வேண்டாமா? அவர் சொன்னது நியாயம்தான். கங்காணியும் அவர் பக்கத்து நெருக்கடியைச் சொன்னார். மழை பெய்தால் தோட்டத்தில் கடைசி நேரத்தில்தான் முடிவு செய்வார்களாம்.

இந்தத் தகவல் ராத்திரியே கிடைத்தால் அந்தப் பெண்ணுக்கு என்ன லாபம்? விடியும் வரை தூங்கலாம் என்பது ஒன்று. அதைவிட, கீழே பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டத்துக்கோ நடவுக்கோ போகலாம். அங்கேயும் ஆள் சேர்ப்பது முந்தின ராத்திரிதான். வண்டி வராது என்பது விடியற்காலை அஞ்சு மணிக்கு மேல்தான் தெரிந்தால் இரண்டு வேலையும் போய்விடும். வரைபடத்தில் நகரும் ஒரு புள்ளி இந்தச் சம்பளத்தைத் திருப்பித் தராது.

அதனால் முதலில் எந்தத் தொழில்நுட்பமும் இல்லாமல் முயன்று பார்த்தோம். தெருவுக்கு ஒரு பெண் பொறுப்பு. டிரைவர் அவர்களுக்கு மட்டும் போன் செய்வார், அவர்கள் தெருவுக்குச் சொல்வார்கள். தகவல் போய்ச் சேர்ந்த நாட்களில் யாரும் வீணாக நிற்கவில்லை, சிலர் திராட்சை வெட்டப் போனார்கள். ஒரு தெருப் பொறுப்பாளருக்குக் காய்ச்சல் வந்த அன்று அந்தத் தெரு முழுக்க இருட்டில் நின்றது. அங்கேதான் இயந்திரம் வேண்டும் என்று எங்களுக்குத் தெரிந்தது. டிரைவர் ராத்திரி ஒரு நம்பருக்குக் கூப்பிட்டுப் பேசி வைக்க வேண்டும். பெண்கள் அதே நம்பருக்கு மிஸ்டு கால் கொடுத்தால் அது திரும்பக் கூப்பிட்டு அந்தக் குரலைக் கேட்கச் செய்ய வேண்டும். பட்டன் போன் போதும். படிக்கத் தெரிய வேண்டியதில்லை. இருட்டில், அடுப்படியில் நின்றுகொண்டே கேட்கலாம். அரங்கத்தில் அந்த டிரைவர் எழுந்து சொன்னது இதைத்தான்.

பழைய டெக்னாலஜி என்று சொன்னவர்களுக்கு, இது வேலை செய்யும் என்பதற்கு ஏற்கெனவே சாட்சிகள் உண்டு. சத்தீஸ்கரில் 2010-ல் சிஜிநெட் ஸ்வரா என்ற குரல் சேவை தொடங்கியது. வாசிக்கத் தெரியாத பழங்குடி மக்கள் சாதாரண போனில் பேசித் தங்கள் ஊர்ச் செய்தியைப் பதிவு செய்தார்கள், மற்றவர்கள் போனிலேயே கேட்டார்கள். புதுச்சேரிக் கடற்கரையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களின் கடைசியில் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியபோது, அலையின் உயரத்தை இணையத்திலிருந்து எடுத்து, ஊர் ஒலிபெருக்கியில் மீனவர்களுக்குச் சொன்னார்கள். 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு கிராமத்துக்குச் சுனாமி பற்றி வெளிநாட்டிலிருந்து ஒரு போன் வந்தது. அந்த ஒலிபெருக்கியில் அறிவித்ததால்தான் ஊர் ஓடித் தப்பியது. ஊர் ஒலிபெருக்கியை யார் காதாலும் கேட்க முடிந்ததுதான் காரணம்.

எங்கள் மலையிலேயே உதாரணம் வேண்டுமென்றால் வால்பாறையைப் பாருங்கள். அங்கே யானை தாக்கி இறந்தவர்களைப் பற்றி நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆய்வாளர்கள் முதலில் விவரம் சேகரித்தார்கள். எங்கே, எந்த நேரத்தில், எப்படி நடந்தது என்று பார்த்தபோது, பக்கத்தில் யானை நிற்பது தெரியாமல் போனவர்கள்தான் பெரும்பாலோர் என்று தெரிந்தது. அதற்குப் பிறகுதான் தீர்வுகள் வந்தன: உள்ளூர் கேபிள் டிவியில் ஓடும் அறிவிப்பு, 2011 முதல் குறுஞ்செய்தி, தமிழில் குரல் அழைப்பு, போன் செய்தால் எரியும் சிவப்பு விளக்கு. அந்த விளக்கைப் போடவும் அணைக்கவும் அந்தந்தப் பகுதி மக்களே பொறுப்பு. பிரச்சினையைச் சரியாகப் பிடித்ததால் தீர்வு எளிமையாக அமைந்தது.

எங்கள் கம்பத்தில் 2023-ல் நடந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். சின்னக்கானலில் பிடிக்கப்பட்டு, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி, பெரியாறு காட்டில் விடப்பட்ட அரிக்கொம்பன் யானை மே 27 அன்று கம்பம் நகரத்துக்குள் வந்துவிட்டது. 144 தடை போட வேண்டியதாயிற்று. அந்தப் பதற்றத்தில் தாக்கப்பட்ட ஒருவர் பின்னர் இறந்தும் போனார். செயற்கைக்கோள் வழியாகச் சமிக்ஞை அனுப்பும் கருவி அந்த யானையின் கழுத்தில் இருந்தது. எங்களில் பலருக்கோ அது தெருவில் நிற்கும்போதுதான் தெரியும். கருவிக்கும் வாசலில் நிற்கிறவருக்கும் நடுவே இருக்கும் அந்தக் கடைசித் தூரத்தைப் பற்றித்தான் முகாமில் யோசித்திருக்க வேண்டும். இரண்டாம் பரிசு பெற்ற யானை எச்சரிக்கைச் செயலியும் டச் போனிலும் இணையத்திலும்தான் போய் நிற்கிறது.

தகவல் எட்டாமல் போவதற்கு எங்கள் மக்கள் கொடுத்த விலை சின்னதல்ல. 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து தோட்ட லயன் வீடுகள் புதைந்தன. 70 பேர் போனார்கள், பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். தொலைபேசித் தொடர்பு அறுந்திருந்ததால் வெளியே செய்தி வரவே மறுநாள் காலை ஆகிவிட்டது. இங்கே இருந்து அந்த மலைக்குத் தினமும் வேலைக்குப் போகிறவர்களுக்காக யோசிக்க உட்காரும்போது, சிக்னல் போனால் என்ன செய்வது என்பதை முதல் அட்டையிலேயே எழுத வேண்டும்.

இன்னொன்று. ஜீப் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை எல்லோரும் பார்க்கிற வரைபடத்தில் காட்டுவது என்றால், விடியாத இருட்டில் பெண்கள் எந்த முக்கில் நிற்கிறார்கள் என்பதையும் காட்டுவதுதான். அந்த விவரம் யார் கையில் இருக்கும், எத்தனை நாள் இருக்கும், தோட்ட முதலாளிக்குப் போகுமா, இடையில் யாராவது எடுத்துக்கொள்ள முடியுமா? இதில் ஒன்றுக்கும் பதில் சொல்லப்படவில்லை. மகளிர் குழுவில் கடன் வாங்க வந்தவரிடம் முதலில் செயலியை ஏற்று என்று சொன்னால், அதை யாரும் சம்மதம் என்று சொல்ல முடியாது. 2023-ம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், சம்மதம் சுதந்திரமாகத் தரப்பட வேண்டும் என்றுதான் சொல்கிறது.

இனி எங்கள் கோரிக்கைகள்.

செயலியைக் கட்டாயம் ஆக்கும் செய்தியை உடனே திரும்பப் பெறுங்கள். மகளிர் குழுக் கடனையோ கூட்டத்தையோ அதோடு முடிச்சுப் போட வேண்டாம் என்று குழுக்களுக்கு எழுத்தில் தெரிவியுங்கள். ஜீப்காரர்கள் தங்கள் கைக்காசில் ஜிபிஎஸ் வாங்க வேண்டும் என்பதையும் நிறுத்திவையுங்கள்; டீசல் விலையில் அவர்களுக்கு மிஞ்சுவது எவ்வளவு என்று அவர்களையே கேளுங்கள். அந்தச் செலவு கடைசியில் பெண்களின் வண்டிக் கூலியில்தான் ஏறும்.

பதிவு மேசையில் கொடுத்த சீட்டுக் கவரைத் தேடி எடுங்கள். பிரித்து, ஒன்று விடாமல் தட்டச்சு செய்து, ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டுங்கள். கேட்டுவிட்டுப் படிக்காமல் விடுவது, கேட்காமல் இருப்பதைவிட மோசம்.

யோசனை அமர்வை மறுபடி நடத்துங்கள், இந்த முறை எங்கள் ஊர்ச் சாவடிகளில், ஞாயிறு மாலையில். வாழ்த்துரை வேண்டாம். வழிநடத்துபவர் அதிகாரியாகவோ நடுவராகவோ இல்லாமல், பேச வைக்கத் தெரிந்தவராக இருக்கட்டும். முதலில் எழுதுவது, பிறகு பேசுவது. பேர் இல்லாத அட்டைகள். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதித் தர ஆள். பிரச்சினை என்ன என்று முடிவாகும் வரை தீர்வைப் பற்றிய பேச்சே எழக் கூடாது. எல்லைக்கு அந்தப் பக்கத்து ஊராட்சி உறுப்பினர்களையும் தோட்டத் தரப்பையும் கூப்பிடுங்கள். பாதிப் பிரச்சினை அங்கே இருக்கிறது, தமிழிலும் மலையாளத்திலும் பேச வேண்டியிருக்கும். கேரளத்தில் 1996-ல் மக்கள் திட்டம் தொடங்கியபோது, கிராம சபையையே சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரித்து, துறை வாரியாக உட்கார்ந்து பேச வைத்தார்கள். அதில் அனுபவப்பட்டவர்கள் குமுளியிலும் நெடுங்கண்டத்திலும் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் உதவியைக் கேட்பதில் நமக்குக் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

பரிசுத் தொகையைத் தவிர அமலாக்கத்துக்கு என்று ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை, குரல் வழித் தகவல் நம்பரைச் சோதித்துப் பார்க்கக் கொடுங்கள். எங்கள் தெருக்களில் தொடங்கலாம், டிரைவர்கள் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். பரிசு வாங்கிய மாணவர்களே அதைச் செய்யட்டும். அவர்கள் வந்தால் என் கடையில் மேசையும் பழைய போன்களும் தருகிறேன், எந்த மாடலில் என்ன வரும் என்று உட்கார்ந்து காட்டுகிறேன். ஆனால் நம்பர் தொடங்குகிற செலவோடு கணக்கை மூடிவிடாதீர்கள். அழைப்புக் கட்டணம், பழுது, பொறுப்பாளர் சம்பளம் எல்லாம் சேர்த்து ஒரு வருடத்துக்கான பணத்தையும், கெட்டுப்போனால் யாரைக் கூப்பிடுவது என்ற பெயரையும் முதலிலேயே எழுதி வையுங்கள். திறப்பு விழா கண்டு மூலையில் கிடக்கும் கருவிகள் எங்கள் ஊரில் ஏற்கெனவே உண்டு.

தோட்டத்தில் கழிப்பறை இல்லை என்று வந்த அட்டைகளை, தொழில்நுட்பத்தில் சேராது என்று ஒதுக்கிவிட வேண்டாம். உங்கள் முகாமின் பெயரில் ‘அன்றாடப் பிரச்சினைகள்’ என்று இருக்கிறது. இடுக்கியிலுள்ள தொழிலாளர் துறைக்கு அதை உங்கள் கையெழுத்தோடு அனுப்பி, அனுப்பிய கடிதத்தின் நகலை எங்களுக்குத் தாருங்கள். கூலிக்காரப் பெண் கேட்டால் நகராத கோப்பு, இந்தப் பக்கத்து அதிகாரி கேட்டால் கொஞ்சமாவது நகரும்.

இவற்றில் எதைச் செய்வீர்கள், எதைச் செய்ய மாட்டீர்கள், ஏன் என்பதை வருகிற ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு முன்பாக எழுத்தில் தெரிவியுங்கள். செய்ய முடியாதது இருந்தால் காரணத்தோடு சொன்னால் போதும், நாங்கள் வேறு வழி பார்ப்போம். அந்தக் கிராம சபையில் உங்கள் தரப்பிலிருந்து ஒருவர் வந்து, பதிலைப் பெண்கள் முன்னால் வாசித்து, அவர்கள் கேட்கும் கேள்விக்கு அங்கேயே பதில் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு செல்போன் பழுதுபார்ப்பவர்